புஷ்பத்தின் பச்சைக் கன்னம்

ஆபேல் வரைந்த ஓவியம் எதுவும் இதுவரை எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை. அவனுடைய சொந்த வீட்டுச் சுவரும் இதில் அடக்கம். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி, இரண்டாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் ஹாலில் கடிகாரம் தொங்கியது, பைபிள் வசன காலண்டர் தொங்கியது, மளிகைக் கடைக்காரர் கொடுத்த மயில் படம் கூடத் தொங்கியது. ஆபேலின் ஓவியங்கள் மட்டும் லாஃப்ட்டில், கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கும் கைப்பிடி போன குக்கருக்கும் நடுவில் படுத்திருந்தன. "அங்கதான் பத்திரமா இருக்கும்" என்பாள் மனைவி ஈவ்லின். நல்லவள். வேண்டாம் என்பதைப் பத்திரம் என்று சொல்லத் தெரிந்தவள்.

ஒரு தனியார் பள்ளியில் அவன் டிராயிங் மாஸ்டர். அங்கே அவனிடம் கேட்கப்படுபவை மழைநீர் சேகரிப்புச் சார்ட்டும், ஆண்டு விழாவுக்கு இரண்டு தென்னை மரங்களும்தான். ஒருமுறை நண்பர்களோடு சேர்ந்து கண்காட்சி வைத்தான். நல்ல கூட்டம் வந்தது. வெளியே வெயில், உள்ளே ஏசி. ஒரு பெரியவர் அவனுடைய ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஆபேல் மெல்ல அருகில் போய், எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். இங்கேதான் காற்று நேராக வருகிறது என்றார் அவர்.

இப்படிப்பட்டவனிடம், தன்னை வரைந்து தரும்படி ஒரு மனுஷி தானாக வந்து கேட்டார். அவனுடைய மாமியார் புஷ்பம்மா.

புஷ்பம்மா அனகாபுத்தூர்க்காரர். ஒரு மழைக்கு அந்த வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது மகள் வீட்டுக்கு வந்தவர், தண்ணீர் வடிந்த பிறகும் போகவில்லை. அவர் இப்போது ஓவியம் கேட்டதற்குக் காரணம், ஹாலில் தொங்கிய அவர் கணவரின் படம். சுந்தர்சிங் மாமா ஈ.பி.யில் லைன்மேன். ஆயுள் முழுக்கக் காக்கிச் சட்டையோடு கம்பம் ஏறியவர், வெயிலில் காய்ந்து நல்ல தார் ரோடு நிறத்தில் இருப்பார். அவர் திடீரென்று இறந்துபோனபோது தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஏதோ கல்யாணத்து குரூப் போட்டோவிலிருந்து தலையை மட்டும் வெட்டி ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் தன் வழக்கப்படி இறந்தவருக்கு நீலக் கோட்டு மாட்டி, சிவப்பு டை கட்டி, பாலில் முக்கியெடுத்த நிறத்தில் முகத்தையும் வெளுத்துக் கொடுத்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த தூரத்துச் சொந்தம் ஒருவர், வாசலில் அந்தப் படத்தோடு கட்டியிருந்த பேனரைப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அடுத்த தெரு வரை போய்த் திரும்பினார்.

"மாப்ள, நான் கண்ண மூடுனா இந்தப் பசங்க ஆதார் கார்டுலர்ந்து என் மூஞ்சிய வெட்டி எடுத்துடுவானுங்க" என்றார் புஷ்பம்மா. "அதுக்குள்ள நீங்க ஒண்ணு வரைஞ்சுடுங்க. எழுபதாவது பொறந்தநாள் ஜெபத்துல பாஸ்டர் கையால தெறந்து வச்சிடலாம்."

ஆபேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கண்டிப்பா வரையறேன் அத்தை."

"கொஞ்சம் கலரா போடுங்க. அவுரு பக்கத்துல மாட்டப் போறோம். அவுரு அவ்ளோ வெள்ளையா கீறாரு. நான் இப்டியே போய் நின்னா பக்கத்து வூட்டுக்காரின்னு நெனச்சுப்பாங்க."

அவர் கேட்டது என்ன என்பதில் ஆபேலுக்குச் சந்தேகமே இல்லை. சிவப்பாகக் காட்டு என்கிறார். சரி என்று தலையாட்டினான். சுவருக்காக அவன் எதற்கும் தலையாட்டியிருப்பான்.

பள்ளி விட்டு வந்ததும் சாயங்கால வெளிச்சத்தில் பால்கனியில் வரையத் தொடங்கினான். அசையாமல் உட்காருங்கள் அத்தை என்று சொன்னால், புஷ்பம்மாவின் உடம்பு அசையாது, வாய் அசையும். பூண்டு உரித்தபடியே கீழே போகும் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவார், எதிர்வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கிருந்தே தீர்ப்புச் சொல்வார். ஆனால் ஓவியத்தை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. முடியும் வரை பார்க்கக் கூடாது என்று ஆபேல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போகும்போதெல்லாம் ஸ்டாண்டின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்திவிட்டுப் போவான். நான் எதுக்குப் பாக்கப் போறேன் என்று சொல்லிவிட்டார் புஷ்பம்மா.

முதலில் அவர் கேட்டபடியே போட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கிரேயான் டப்பாவில் 'ஸ்கின் கலர்' என்று ஒன்று இருக்கும். தாம்பரம் சுற்று வட்டாரத்தில் எந்தத் தோலிலும் காணக் கிடைக்காத இளஞ்சிவப்பு அது. ஆனால் பிள்ளைகள் அப்பா, அம்மா, பால்காரர் எல்லோருக்கும் அதையே பூசுவார்கள். அதை ஆயில் பெயின்ட்டில் குழைத்து முகம் முழுக்கத் தடவினான். தள்ளி நின்று பார்த்தான். கோட்டு போட்ட சுந்தர்சிங் மாமாவுக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள். புஷ்பம்மா அதில் எங்கும் இல்லை.

கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, அப்புறம்தான் அவன் மாமியாரை உண்மையிலேயே பார்த்தான். மாமியாரை அவ்வளவு நேரம் யாரும் பார்ப்பதில்லை; பார்த்தால் ஏதாவது வேலை சொல்லிவிடுவார்கள். கேஸ் சிலிண்டர் வர லேட்டானால் புஷ்பம்மாவின் நெற்றி பேசத் தொடங்கும். அதற்கு ஆரஞ்சைத் தவிர வேறு நிறம் செல்லாது. தெருவில் எந்த வீட்டில் என்ன குசுகுசுத்தாலும் சூடாகிற காதுகளுக்கு நல்ல மிளகாய்ச் சிவப்பு. இடது கன்னத்தில் அவ்வப்போது என்னவோ ஒன்று முளைக்கும், முளைத்து உடனே மறையும். அது என்னவென்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. கை தானாகப் போய்ப் பச்சையைத் தொட்டது. பச்சையை வைத்ததும் அந்தக் கன்னம் உயிர் பெற்று அவனைக் கிண்டலாகப் பார்த்தது.

கண்ணுக்குக் கீழே கை கொஞ்சம் தயங்கியது. மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, தண்ணீர் குடிக்கப் போன ஆபேல் சமையலறை வாசலில் நின்றுவிட்டான். புஷ்பம்மா டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி, மறுபடி. அவன் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டான். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஊதாவும் கருநீலமும் எடுத்துக் கண்ணுக்குக் கீழே மெதுவாக வைத்தான். கத்திரிக்காயின் காம்போரம் தெரியுமே, அந்த மாதிரி ஒரு நிறம். அன்று அவன் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் கழித்து வந்தான்.

ஜெபத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓவியம் முடிந்தது. போர்வையை விலக்கி முதலில் ஈவ்லினுக்குக் காட்டினான். ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுன்ட்டரில் இருப்பவள் அவள். அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் இருப்பது அவள் தொழில். அன்று காட்டினாள்.

"அம்மாவுக்கு என்னாச்சு?"

நிறம் என்பது தோலைச் சொல்ல வேண்டியதில்லை, மனசைச் சொல்லலாம், உலகத்தில் பெரிய ஓவியர்கள் எல்லாம் இப்படித்தான் என்று ஆபேல் நீளமாக விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மனசக் கண்ணுல காட்டேன், ஏன் கன்னத்துல பச்சைய அப்புற? எங்கப்பா கோட்டு போட்டுட்டாரு. எங்கம்மா பச்சையாயிட்டாங்க. எங்க குடும்பத்துல யாருமே சாதாரணமா போட்டோவுல இருக்கக் கூடாதா ஆபேல்?"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். ஜெபத்தன்று மாட்டலாம். அம்மா முகம் கோணினால், ஒரே ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால், படம் அன்றைக்கே பத்திரமாகிவிட வேண்டும். ஆபேல் அன்று தூக்கத்தில் லாஃப்ட்டின் கதவு சாத்தப்படும் சத்தத்தைக் கேட்டான்.

ஜெபத்துக்காக ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க ஈவ்லினின் தம்பி சாலமன் வந்து சேர்ந்தான். சாலமன் பெயின்ட்டிங் கான்ட்ராக்டர். பொத்தேரியில் மாணவர்கள் தங்குகிற அடுக்குமாடிகளுக்கு வருஷா வருஷம் அடிப்பவன். அந்தச் சுவர்களில் எழுதியிருப்பதை எல்லாம் மறைப்பதற்கே மூன்று கோட்டிங் வேண்டும் என்பான். பாசக்காரன். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. பால்கனிக்கு ஏணி எடுக்க வந்தவன் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றான். ஆபேல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"சூப்பரா வந்துகினு கீது மாமா" என்றான் சாலமன். "பிரைமரே இன்னா அழகா அடிச்சிருக்கீங்க."

அது பிரைமர் இல்லை, அடிப்பூச்சு இல்லை, அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று ஆபேல் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஈவ்லினுக்கு விளக்கிய களைப்பு இன்னும் தீரவில்லை. சாலமனோ ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனைப் பார்க்கிற மாதிரி வேறு பார்த்தான். "ஆமா மச்சான்" என்று சொல்லிவைத்தான் ஆபேல். "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

அவன் ஆயுளில் வாய் கூசிச் சொன்ன பொய்கள் பல. இவ்வளவு விலை உயர்ந்த பொய் வேறில்லை.

ஜெபத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் கேம்ப் ரோட்டு நெரிசலில் நீந்தி வீடு வந்த ஆபேலை, வாசலிலேயே புதுப் பெயின்ட் வாசனை வரவேற்றது. ஹால் பளிச்சென்று இருந்தது. ஓர் இளம் பீச் நிறம். நாலு சுவரும் பீச். சாலமன் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு வந்தான்.

"உங்க வேலையும் முடிச்சிட்டேன் மாமா. நாளைக்கு ஃபங்ஷன், நீங்க ஸ்கூல்ல மாட்டிக்கினீங்க. அம்மா மூஞ்சி பிரைமரோட நின்னா நல்லாவா இருக்கும்?"

சுவரில் படம் மாட்டியாகிவிட்டிருந்தது. ஆபேலுக்கு முதலில் படமே தெரியவில்லை. சுவரில் ஒரு புடவை தெரிந்தது. புடவைக்கு மேலே இரண்டு கண்கள், இரண்டு புருவங்கள், ஒரு வாய், ஒரு கொண்டை. நடுவில் எதுவும் இல்லை. கிட்டே போனபோதுதான் புரிந்தது: சுவருக்கு அடித்ததில் மீந்த எமல்ஷனை எடுத்து மாமியாருக்கும் அடித்திருக்கிறான். வேலைசுத்தம் என்றால் அப்படி ஒரு வேலைசுத்தம். கண்ணைச் சுற்றியும் உதட்டைச் சுற்றியும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரம் பிசிறாமல் அடித்து, டேப்பை உரித்திருந்தான். ஜன்னலுக்கும் கதவுக்கும் செய்வது போலவே. ஹால் சுவரும் புஷ்பம்மாவும் ஒரே ஷேடு.

"ரெண்டு கோட்டிங்" என்றான் சாலமன் அடக்கமாக.

ஆபேல் சோபாவில் உட்கார்ந்தான். சோபாவும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக்கிடந்ததால், அது அவனுக்காக ஒரு சத்தம் போட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. இவ்வளவு பாசமாக ஒருவன் நம் தலையில் கல்லைப் போட்டால் என்ன செய்வது? குனிந்து நன்றி சொல்ல வேண்டியதுதான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ஈவ்லின் படத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பச்சையை எதிர்த்துச் சண்டை போட்டவள்தான். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டு, ஆபேலின் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது புஷ்பம்மா தூங்கி எழுந்து ஹாலுக்கு வந்தார்.

சுவரைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆபேல் தரையைப் பார்த்தான். இனி என்ன? அவர் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. வெள்ளையாக இருக்கிறார். படம் சுவரில் இருக்கும், அவன் ஓவியம்தான் அதற்கு அடியில் போய்விட்டது.

"யார்ரா இது?" என்றார் புஷ்பம்மா.

"நீதாம்மா" என்றான் சாலமன்.

"அது தெரியுது. உள்ள இருந்தவ எங்க போனா?"

சாலமன் படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"கண்ணுக்குக் கீழ கத்திரிக்கா கலர்ல ஒண்ணு போட்டிருந்தாரே மாப்ள, அத எவன் அழிச்சது?"

ஆபேல் நிமிர்ந்தான். அவர் பார்க்கவே இல்லை என்றல்லவா அவன் நினைத்திருந்தான். அவன் டீ குடிக்கப் போன ஒவ்வொரு வேளையும் புஷ்பம்மா போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிப் போட்டு வைத்திருந்தார். கேட்டால் வரைவதை நிறுத்திவிடுவீர்களோ என்று கேட்கவில்லை என்றார். மொதல்ல பச்சையப் பாத்ததும் பயந்தேன், ரெண்டு நாள் போவட்டும்னு விட்டேன், அப்புறம் தெனமும் பாக்கத் தோணிச்சு. இதைச் சொல்லும்போது அவர் ஆபேலைப் பார்க்கவில்லை, படத்தின் சட்டத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் டம்ளர் தேய்ச்சுகினு இருந்தப்போ வாசல்ல வந்து நின்னது நீங்கதான?"

"ஆமா அத்தை."

"தண்ணி கூடக் குடிக்காமப் போனீங்க." கொஞ்ச நேரம் சட்டத்தையே துடைத்தார். "வாசல்ல நின்ன ஆளுதான் வரைஞ்சிருக்காருன்னு பாத்ததுமே தெரிஞ்சுது."

ஈவ்லின் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உனக்கு அந்தப் படம் பிடிச்சிருந்துச்சாம்மா?"

"புடிச்சுதுன்னு யாரு சொன்னா? அது நான்னு சொல்றேன்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். அடுத்த சில நிமிடங்களுக்கு அனகாபுத்தூர்த் தமிழ் அந்த ஹாலில் தன் முழு வலிமையோடு உலவியது. எழுத முடிந்த பகுதி இதுதான்: தகப்பனை ஒருத்தன் வெள்ளை அடிச்சான், தாயை நீ அடிச்சிட்டியா.

சாலமன் அழாத குறை. பாவம், அவன் நிஜமாகவே பிரைமர் என்றுதான் நினைத்திருந்தான். படத்தைக் கழற்றித் தரையில் வைத்து, ஈரத் துணியால் ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பார்த்தான். தாடையில் ஒரு பொட்டு தோல் போலப் புடைத்துக்கொண்டு எழுந்தது. நகத்தால் பிடித்து இழுத்தான். பாலில் படிந்த ஆடையைப் போல நீளமாக உரிந்து வந்தது. அடியில் பழுப்பும் சிவப்பும் ஈரமாக மின்னின. சாலமன் முகம் மாறியது. அவனுக்குள் இருந்த பெயின்ட்டர் விழித்துக்கொண்டான்.

"மாமா, இது ஆயில் பெயின்ட்டா?"

"ஆமா மச்சான்."

"எமல்ஷன் தண்ணி பெயின்ட்டு, ஆயில் மேல புடிக்காது மாமா. ஒரு வார்த்த மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா சூப்பரா எனாமல் அடிச்சிருப்பேன். சென்மத்துக்கும் போவாது."

தன் வாழ்க்கையில் சொல்ல மறந்த அத்தனை விஷயங்களுக்காகவும் ஆபேல் அந்தக் கணத்தில் ஆண்டவருக்கு நன்றி சொன்னான்.

நாலு பேரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஈவ்லின் வெந்நீர் கொண்டுவந்தாள். புஷ்பம்மா முதலில் யாரையும் தன் முகத்தைத் தொட விடவில்லை. நெற்றியைத் தானே ஊறவைத்து, தானே உரித்தார். ஆரஞ்சு வந்தது. காது வந்தது. கன்னத்துக்குத்தான் சாலமனைக் கைவைக்க விட்டார். பச்சை மெல்ல மெல்ல வெளியே வந்தபோது ஈவ்லின் தன்னை அறியாமல், ஏய் ஜாக்கிரதை, அங்க அழுத்தாதே என்று தம்பியை அதட்டினாள். ஆபேல் அவளைப் பார்த்தான். என்ன பார்க்கிறாய் என்பது போல அவளும் பார்த்துவிட்டு, துணியைப் பிழிந்தாள். ஊதாவைப் புஷ்பம்மா மறுபடி தன் கையாலேயே உரித்தார்.

மூக்கின் நுனியில் ஒரு திட்டு வரவே மாட்டேன் என்றது. சாலமன் பிளேடு எடுத்து வந்தான். புஷ்பம்மா தடுத்துவிட்டார்.

"வுடு. மூக்காவது கலரா இருந்துட்டுப் போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நிரப்பினார்கள். பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது. பாஸ்டர் படத்தின் மேலிருந்த துணியை இழுத்தார். சபையார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பாஸ்டர் ஒருமுறை இருமினார். அனுபவசாலி. "பலவித வர்ணங்களையும் உண்டாக்கினவரே" என்று கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கண்ணை மூட வேண்டியதாயிற்று. ஆபேல் மட்டும் மூடவில்லை. அவன் மாமியாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கோணுகிறதா என்று. ஈவ்லினின் ஒப்பந்தம் இன்னும் ரத்தாகவில்லை. தனியாக நாலு பேருக்கு நடுவில் பிடிப்பது வேறு, சபை நடுவில் பிடிப்பது வேறு.

ஆமென் சொன்னதும், முன்வரிசையில் இருந்த பிளஸ்ஸி அக்கா எழுந்து படத்தின் கிட்டே போனார். தெருமுனை வீட்டுக்காரர். தன் மருமகளைப் பற்றி வாரம் ஒருமுறை புஷ்பம்மாவிடம் வந்து விரிவாகப் புலம்பிவிட்டுப் போகிறவர்.

"ஏங்க்கா, கன்னம் இன்னாக்கா பச்சையா கீது?"

ஹால் முழுக்கக் காதானது. ஈவ்லினின் கை ஆபேலின் கையைத் தேடிப் பிடித்தது.

"நீ ஒம் மருமவளப் பத்திச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும் பிளஸ்ஸி" என்றார் புஷ்பம்மா. "நீ வருத்தப்படுவியேன்னு கன்னத்துலயே அடக்கிப்பேன். அது வெளிய தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தேன். மாப்ள பாத்துட்டாரு."

முதலில் சிரித்தது பிளஸ்ஸி அக்காவின் மருமகள். அப்புறம் பாஸ்டர், சாலமன், வரிசை வரிசையாக எல்லோரும். பிளஸ்ஸி அக்கா கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு அவரும் சிரித்து, அப்போ எனக்கு என்ன கலர் போடுவார் என்று ஆபேலைக் கேட்டார். யாரோ ஒருவர் தன் வீட்டுக்காரருக்கு இருக்கிற நிறமெல்லாம் பத்தாது என்றார். ஈவ்லின் பிடித்த கையை விட்டுவிட்டு, சாப்பாடு பரிமாறப் போனாள். போகிற வழியில் படம் லேசாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, நின்று, நேராக்கிவிட்டுப் போனாள்.

எல்லோரும் பிரியாணித் தட்டை வாங்கிக்கொண்டு பால்கனிக்கும் மொட்டை மாடிக்கும் கலைந்தார்கள். ஆபேல் தன் தட்டோடு ஒரு நாற்காலியை இழுத்து, சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். ஒரு வாய் எடுப்பான், நிமிர்ந்து பார்ப்பான், எடுத்த கை வழியிலேயே நின்றுவிடும். மட்டன் ஆறி, தட்டோரம் நெய் உறையத் தொடங்கியது. தயிர்ப் பச்சடியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த புஷ்பம்மா, அவனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கன்னத்தில் ஏதோ முளைத்தது.

"சாப்ட்டுட்டுப் பாருங்க மாப்ள" என்று பச்சடியை அவன் தட்டில் ஊற்றினார். "அது எங்கயும் போவாது."